வயசா, சுகரா, மாத்திரையா?

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தது கண் ஆஸ்பத்திரி. இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, எடுத்துவிடலாம் என்று தேதி குறித்தார்கள். ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சுகர் 312 என்று வந்தது. "முதல்ல சுகரைக் குறைச்சிட்டு வாங்கய்யா, அப்புறம் கண்ணைப் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 69. கும்பகோணத்தைச் சுற்றி ஓடும் டவுன் பஸ்களில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். ஜுரத்துக்குக்கூட மாத்திரை போட்டதில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவர். அந்த வாரமே பி.பி.யும் இருப்பது தெரியவந்து, பூஜ்யத்திலிருந்து ஒரே தாவலில் நாளுக்கு ஐந்து மாத்திரைக்கு வந்து சேர்ந்தார்.

வீடு திரும்பும்வரை வாய் திறக்கவில்லை. ராத்திரி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் தம்பி, அப்ப அதெல்லாம் இதுதானா?" என்றார்.

'அதெல்லாம்' என்று அவர் கேட்டதில் மூன்று வருடக் கணக்கு இருந்தது. ராத்திரியில் நான்கு முறை எழுந்து ஒன்றுக்குப் போவார். ஆம்பளைக்கு வயசானா அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். ஏழெட்டுக் கிலோ இளைத்திருந்தார். தொப்பை போய்விட்டது, நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டோம். வலது தோளைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. முப்பது வருடம் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிய கை, வலிக்காமல் என்ன செய்யும் என்றோம். உள்ளங்கால் எரிகிறது என்றபோது அம்மா விளக்கெண்ணெய் தடவி, "உடம்பு சூடு" என்றாள். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு விளக்கம் கைவசம் இருந்தது. பெரும்பாலும் ஒரே விளக்கம்: வயசு.

அன்று ராத்திரியோடு 'வயசு' பதவியிழந்தது. அந்த நாற்காலியில் 'சுகர்' வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அவர் தும்மினாலும் சுகர்; கோபப்பட்டாலும் சுகர்; மத்தியானம் கண்ணயர்ந்தாலும் சுகர். முதல் தவறைவிட இந்த இரண்டாவது தவறு பெரியது என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று.

சத்தம் போடாமல் வரும் விருந்தாளி

ஐ.சி.எம்.ஆர். - இன்டியாப் (INDIAB) ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியானபோது எல்லாப் பத்திரிகைகளும் அந்த எண்ணைப் போட்டன. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய படிக்கட்டில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 14.4 பேருக்கு இருக்கிறது. தேசிய சராசரி 11.4. ஒரு டவுன் பஸ்ஸில் அறுபது பேர் நிற்கவும் உட்காரவுமாகப் போனால், அதில் எட்டு ஒன்பது பேர். அப்பாவே போட்ட கணக்கு இது.

எண்ணிக்கை இவ்வளவு இருந்தும் முதுமையில் வரும் சர்க்கரை ஏன் இப்படி ஒளிந்துகொள்கிறது? இளம் வயதுக்காரருக்கு ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதைத் தடுத்து வைக்க முடியாமல் சிறுநீரில் கொட்டிவிடும். கூடவே தண்ணீரும் போகும், தாகம் எடுக்கும், ஆள் உஷாராகிவிடுவார். வயதாக ஆக அந்த வரம்பு மேலே ஏறுகிறது. 200-ஐத் தாண்டியும் சிறுநீரில் பெரிதாகத் தெரியாமல் போகலாம். தாக உணர்ச்சியும் மழுங்கிவிடுகிறது. உடம்பு வறண்டு கிடக்கும், தண்ணீர் கேட்காது. ஆக, 'அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், அடிக்கடி பசி' என்று பள்ளிப் பாடத்தில் படித்த மூன்றும் முதியவருக்கு வராமலே போகலாம். அசதி, எடை குறைவது, ஆறாத புண், அந்தரங்கத்தில் அரிப்பு, ஈறு வீக்கம், அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்று வேறு வேடங்களில் வரும்.

அந்தக் காலத்தில் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் கிராமத்துக் கிழவிகளே சொல்லிவிடுவார்கள். டைல்ஸ் போட்ட கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிற வீட்டில் எறும்புக்கு என்ன வேலை?

1977-ல் தொடங்கி 1998-ல் முடிவு வெளியான பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வு, அப்போதுதான் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேரைச் சேர்த்துக்கொண்டது. கண்டுபிடித்த அன்றே அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கண், நரம்பு, ரத்தக்குழாய் என்று ஏதோ ஓரிடத்தில் பாதிப்பின் தடயம் இருந்தது. 'இப்போதுதானே வந்தது, பாதிப்புக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு' என்ற நிம்மதி அதனால்தான் செல்லாது. நமக்குத் தெரிந்த தேதிதான் புதியது. நோய் முன்பே வந்துவிட்டது. டைப் 2 என்று தெரிந்த உடனேயே விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் அல்புமின், பாதத்தில் உணர்ச்சி மூன்றையும் பார்க்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

மருந்து ஆரம்பித்தபின் வந்த நோய்

மாத்திரை போட ஆரம்பித்தால் உடம்பு தேறும் என்று நினைத்தோம். முதல் இரண்டு மாதம் நடந்தது நேர்மாறு.

முதலில் கண். புரை அதிகமில்லாத வலது கண்ணால் அதுவரை தலைப்புச் செய்தியாவது படித்துக்கொண்டிருந்தார். சுகர் 312-லிருந்து 180-க்கு இறங்கிய மூன்றாவது வாரம் அதுவும் மங்கிவிட்டது. "குறையக் குறையக் கண்ணு போகுதே" என்று அவர் பதறியதில் நியாயம் இருந்தது. கண்ணின் வில்லை பல மாதமாக அதிகச் சர்க்கரையில் ஊறிப் பழகியிருக்கும். ரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கும்போது நீர் உள்ளே புகுந்து வில்லை உப்பி, குவியம் மாறிவிடுகிறது. சில வாரங்களில் தானாகச் சரியாகும். இதைச் சொன்னவர் டாக்டர் இல்லை, கண்ணாடிக் கடைக்காரர். புதுக் கண்ணாடி போடலாம் என்று அழைத்துப் போனேன். "சுகர் ஒரு நிலைக்கு வரட்டும் சார். இப்பப் போட்டா ரெண்டு மாசத்துல திரும்பி வருவீங்க" என்று வியாபாரத்தை விட்டுக்கொடுத்தார். (கண்ணில் படபடவென்று கறுப்புப் புள்ளி பறப்பது, திரை விழுந்த மாதிரி ஆவது இதில் சேராது. அதற்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.)

அடுத்தது நடுக்கம். ஒருநாள் பதினோரு மணிக்குக் கை நடுங்கி, வியர்த்து, "சுகர் இறங்கிடுச்சு" என்று உட்கார்ந்துவிட்டார். மீட்டரில் பார்த்தால் 128. யாருக்கும் அது இறக்கம் இல்லை. ஆனால் முந்நூறிலேயே குடியிருந்த உடம்புக்கு நூற்று இருபத்தெட்டு பஞ்சமாகத் தெரிகிறது. புது அளவுக்குப் பழகும்வரை மூளை பொய்யாக அபாயச் சங்கு ஊதும். அது தெரியாமல் நாங்கள் ஒவ்வொரு முறையும் நான்கு மேரி பிஸ்கட்டைக் கொடுத்து மறுபடி 220-க்கு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தோம்.

மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கியது. வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் போன மனிதர் பஸ் ஏறவே பயந்தார். நடுவில் இறங்க வேண்டி வந்தால்? சாப்பாட்டோடு போடுவது, குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவது, மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாறுவது என்று அதற்கு வழிகள் இருக்கின்றன. எங்களுக்கு அவை ஐந்தாவது வாரத்தில்தான் தெரிந்தன, கேட்டதால்.

கால் எரிச்சலோ முன்பைவிட மோசமாயிற்று. பல மாதம் உயரத்தில் இருந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கினால் சிலருக்கு நரம்பு வலி தற்காலிகமாகத் தீவிரமாகும்.

"இந்த மனுஷனுக்கு மருந்து ஆரம்பிச்சதுலேர்ந்துதான் வியாதியே வந்துச்சு" என்றாள் அம்மா. இந்த வாக்கியம் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் சொல்லப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்ன கையோடு எத்தனை பேர் மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டு ஆவாரம்பூக் கஷாயத்துக்குப் போயிருப்பார்கள் என்றும். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த ஓர் உடம்பு, மருந்து பட்டதும் நாலு இடத்தில் கத்துகிறது. இது இப்படித்தான் ஆகும், இத்தனை வாரத்தில் அடங்கும் என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். எங்களுக்குக் கிடைத்த மூன்று நிமிடத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. வெளியே எழுபது டோக்கன் காத்திருந்தது; அந்த டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

வ, சு, மா

அப்பாவுக்குக் கணக்கு டாலி ஆகவேண்டும். டிக்கெட் கட்டையும் பையிலிருக்கும் காசும் ராத்திரி டெப்போவில் ஒத்துப் போகாவிட்டால் கைக்காசு போட வேண்டும். அந்த வாழ்க்கையில் பழகியவர். அதனால் நாள்காட்டித் தாளைத் தினமும் கிழித்து, அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். காலை வெறும் வயிற்றில் இவ்வளவு, டிபனுக்கு இரண்டு மணி நேரம் கழித்து இவ்வளவு. கீழே அன்றைய கோளாறு. அதன் பக்கத்தில் ஓர் எழுத்து: வ என்றால் வயசு, சு என்றால் சுகர், மா என்றால் மாத்திரை.

பெரும்பாலான தாள்களில் மூன்று எழுத்தும் இருந்தன, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், முதுமையில் சர்க்கரை வந்தவரின் முழுப் பிரச்சினையையும் அவர் மூன்று எழுத்தில் எழுதிவிட்டார் என்று தோன்றியது.

இரவில் எழுந்து போவதையே எடுத்துக்கொள்ளுங்கள். சுகர் காரணமாக இருக்கலாம். புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். பி.பி.க்குக் கொடுத்த நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் போட்டதால் இருக்கலாம். டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதுவகைச் சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றித்தான் வேலையே செய்கின்றன, அதுவாகவும் இருக்கலாம். பாதம் மரத்துப் போவதற்குச் சர்க்கரை காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஆனால் நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 சத்துக் குறையும். அந்தக் குறைவும் இதே மதமதப்பைத்தான் கொடுக்கும். ஒன்றுக்குச் சுகரைக் குறைக்க வேண்டும், இன்னொன்றுக்கு பி12 கொடுத்தால் போதும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், யாராவது நினைத்துக் கேட்டால். தோள்பட்டை இறுகிப்போனது வயசும் இல்லை, பஸ் கம்பியும் இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகம் வரும். எழுந்ததும் தலை சுற்றினால் அது பி.பி. மாத்திரையாகவும் இருக்கும், நரம்பாகவும் இருக்கும், தண்ணீர் குடிக்காததாகவும் இருக்கும்.

எங்களுக்குக் கடைசியில் உதவியது அந்தத் தாள்கள்தான். எந்த நேரத்தில் வருகிறது, மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் கழித்து, சாப்பிட்டபின்பா முன்பா, எந்த மாத்திரை மாற்றிய வாரத்திலிருந்து என்று நாற்பது தாளை வரிசையாக அடுக்கியபோது தலைசுற்றல் எல்லாம் காலை எட்டிலிருந்து பத்துக்குள் விழுந்திருந்தது. அவற்றைப் பார்த்த டாக்டர் பி.பி. மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார். பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு இன்றுவரை எழுத்துக் கிடைக்கவில்லை.

மீட்டரோடும் அவருக்குச் சண்டை வந்தது. ஒரே விரலில் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று முறை குத்திப் பார்த்தார்: 143, 158, 149. "எந்த டிக்கெட் தம்பி செல்லும்?" மூன்றுமே செல்லும். 2013-ல் வந்த சர்வதேசத் தரவிதிப்படி, 100-க்கு மேலான அளவுகளில் வீட்டு மீட்டர் ஆய்வகத்தைவிட 15 சதவீதம் கூடவோ குறைத்தோ காட்டலாம். 143-க்கும் 158-க்கும் நடுவே உடம்பில் எதுவும் நடக்கவில்லை. மாம்பழம் அறுத்த கையோடு குத்தினால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். 'மூணு மாச சுகர்' எனப்படும் ஹெச்பிஏ1சி-யும் சாசுவதம் இல்லை. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்ற கணக்கில் ஓடுவது அது. ரத்தசோகையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கணக்குத் தப்பும், இரண்டும் முதியவர்களிடம் சகஜம். டெப்போ கணக்குப் போல இது ஒருநாளும் டாலி ஆகாது என்பதை ஏற்றுக்கொள்வதுதான் அப்பாவுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் பந்தி

தை மாதம், சுவாமிமலையில் ஒரு கல்யாணம். அப்பா காலை மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு. கணையத்தைக் கசக்கி இன்சுலின் சுரக்க வைக்கும் ரகம் அது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கசக்கும். முதல் பந்தியில் இடமில்லை. சம்பந்தி வீட்டார் முதலில் உட்காரட்டும் என்று மரியாதைக்கு ஒதுங்கி நின்றார். இரண்டாம் பந்திக்கு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

திடீரென்று பந்தி பரிமாறும் பையனைப் பிடித்து, சம்பந்தமே இல்லாமல் சில்லறை கேட்டுச் சத்தம் போட ஆரம்பித்தார். "பெரியப்பாவுக்கு இந்த வயசுல கோவத்தைப் பாரு" என்று சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் எரிச்சல்தான் வந்தது. அம்மாதான் அவர் சட்டை முதுகுப்பக்கம் நனைந்திருப்பதைப் பார்த்தாள். காபி போடும் இடத்துக்கு ஓடிப்போய் ஒரு கை சர்க்கரையை அள்ளிவந்து தண்ணீரில் கலக்கி வாயில் வைத்தாள். பையிலிருந்த மீட்டரை எடுத்துக் குத்தும்போது 54.

எழுபதுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. இளையவருக்கு முதலில் நடுக்கமும் படபடப்பும் வந்து எச்சரிக்கும். முதியவருக்கு அந்த முன்னறிவிப்பு வராமல் நேரே பேச்சுக் குழறல், தடுமாற்றம், காரணமற்ற கோபம் என்று வரலாம். வீட்டில் இருப்பவர்கள் அதைச் சுபாவம் என்றோ மறதி நோய் என்றோ பக்கவாதம் என்றோ எடுத்துக்கொள்வார்கள். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்ப்பது, ஏறாவிட்டால் இன்னொரு முறை, ஏறியபின் ஒரு சாப்பாடு. மைசூர்பாகு கொடுத்தால் நெய் குறுக்கே நின்று தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். 108-ஐக் கூப்பிட வேண்டும். கிளைபென்கிளமைடு போன்ற பழைய, நெடுநேரம் வேலை செய்யும் மாத்திரைகளை முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்வதும் இந்தப் பயத்தில்தான்.

அந்தக் கல்யாணத்துக்குப் பின்தான் நான் ஒரு கேள்வியைக் கேட்கத் துணிந்தேன்: இவருக்குச் சுகர் எவ்வளவு இருந்தால் போதும்?

அப்பாவின் ஹெச்பிஏ1சி இலக்கு ஆறு. யாரோ ஒரு பழைய டிரைவர் 'ஆறுக்குள்ள வெச்சிருக்கேன்' என்று சொல்லியிருந்தார். பரீட்சையில் ஃபுல் மார்க் வாங்குகிற மாதிரி. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. இதயநோய் அபாயம் உள்ள, சராசரியாக 62 வயதான 10,251 பேர். பாதிப் பேருக்கு ஹெச்பிஏ1சி-யை ஆறுக்குக் கீழே தள்ளப் பார்த்தார்கள். 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியை அவசரமாக நிறுத்த வேண்டி வந்தது. கடுமையாகக் குறைக்கப்பட்டவர்களில் 257 பேர் இறந்திருந்தார்கள். மற்ற பாதியில் 203. அவர்கள் பெரும்பாலும் பல வருடச் சர்க்கரைக்காரர்கள், புதிதாகத் தெரிந்தவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் 'குறைவு, இன்னும் குறைவு' என்ற மந்திரம் அத்துடன் ஓய்ந்தது. இப்போது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல், திடமாக இருக்கும் முதியவருக்கு 7 முதல் 7.5-க்குள், பல நோய்களோடு இருப்பவருக்கு 8-க்குள் என்று தளர்த்திச் சொல்கிறது.

எங்கள் டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு 7.5 போதும் என்றபோது அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "என்னைக் கை கழுவிட்டாரா?" என்று வெளியே வந்து கேட்டார். எழுபது வயதுக்காரரிடம் 'உங்களுக்கு இது போதும்' என்று சொன்னால் அவர் காதில் வேறொன்று விழுகிறது.

ஆலோசனைக் கமிட்டி

சாப்பாட்டைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை. அதற்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு நூல் வைத்திருக்கிறார்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயம், ராத்திரி கோதுமை, காலையில் கேழ்வரகுக் கூழ், சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை. கடைசியாகச் சொன்னதும் கருப்பட்டியும் தேனும் ரத்தத்தில் போய்ச் சர்க்கரையாகத்தான் நிற்கும். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி மளமளவென்று குடித்தால் அரிசிக் கஞ்சிக்கு அண்ணன் ஆகிவிடும். அம்மா கண்டுபிடித்த வழி எளிமையானது: முதலில் பொரியலும் கூட்டும் முட்டையும், சோறு கடைசியில். வயிறு பாதி நிரம்பியபின் சோறு தானாகக் குறைந்துவிட்டது. சாப்பிட்டதும் தெருமுனைவரை இரண்டு நடை.

எச்சரிக்க வேண்டியது வேறொன்று. பயந்துபோன முதியவர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். அப்பா முதல் மாதம் இரண்டு சப்பாத்தியில் உயிர்வாழ்ந்து மேலும் மூன்று கிலோ இளைத்தார். அந்த வயதில் போவது கொழுப்பு மட்டுமில்லை, சதை. சதை போனால் நடை தளரும், விழுந்தால் இடுப்பெலும்பு. 'மூன்று மாதத்தில் சர்க்கரையை விரட்டலாம்' என்ற வாட்ஸ்அப் செய்திக்குப் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது: பிரிட்டனில் நடந்த டைரக்ட். கடுமையான எடைக் குறைப்பில், ஓராண்டில் 46 சதவீதம் பேர் மாத்திரையில்லாத நிலையை எட்டினார்கள். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 20 முதல் 65 வயதுக்காரர்கள், எடை கூடியவர்கள். இளைத்துப் போன 69-ஐ அதில் யாரும் சேர்க்கவில்லை.

இளைப்பது பற்றி இன்னொரு சங்கதி, பயமுறுத்தாமல் சொல்லப் பார்க்கிறேன். ஐம்பதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தால் அது எப்போதும் டைப் 2 என்று ஒட்டிவிட முடியாது. மூட்டு வலிக்கோ மூச்சிரைப்புக்கோ எடுத்த ஸ்டீராய்டு காரணமாக இருக்கலாம். பிரிட்டனின் தெரசா மே 56 வயதில் டைப் 2 என்று மாத்திரையில் தொடங்கி, அது பலிக்காமல், டைப் 1 என்று பிறகு கண்டுபிடிக்கப்பட்டு இன்சுலினுக்கு மாறினார். அதோடுதான் பிரதமராகவும் இருந்தார். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஐம்பதைத் தாண்டிப் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவரைவிடச் சற்றுக் குறைவானோருக்கு மூன்றாண்டுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அப்படி இல்லை. ஆனாலும் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லாமல், பருமனும் இல்லாமல், மளமளவென்று இளைத்துக்கொண்டே சுகர் வந்தால், 'வேறு எதுவும் இருக்குமா?' என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்பது நல்லது. அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. ரிசல்ட் வரும்வரை இருந்த இரண்டு நாளை எந்த எழுத்தில் குறிப்பது?

அம்மாவின் டார்ச்

சென்னை ஸ்டான்லியில் 1948-ல் டாக்டர் எம்.விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியபோது அது நாட்டிலேயே புதிது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இன்று மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. எங்கள் தெருவுக்கு வரும் அந்தப் பெண்ணிடம்தான் அப்பா மனம் விட்டுப் பேசுகிறார். அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை: "அய்யா, செருப்பு கழண்டு போனது தெரியாம நடந்திருக்கீங்களா?"

நடந்திருக்கிறார். நாகேஸ்வரன் கோயில் வாசலிலிருந்து வீடுவரை ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. காரணத்தை அந்தப் பெண்ணிடம் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கே தெரியும். அவரோடு இருபது வருடம் ஓடிய டிரைவர் ஒருவருக்குக் காலை எடுத்துவிட்டார்கள். பிரேக்கில் வைத்த கால். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அப்பா தன் பாதத்தைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார். பார்த்தால்தானே புண் தெரியும்.

சர்க்கரையோடு வரும் இந்தப் பாரத்துக்கு மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறது. மனச்சோர்வு நோய் வேறு, இது வேறு. இது நோயின் அன்றாட வேலைகளால், 'நாளை என்ன ஆகும்' என்ற நச்சரிப்பால் வரும் களைப்பு. 1995-லேயே அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கியும் அவரது குழுவினரும் இதை அளக்க இருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் செய்தார்கள். அப்பாவிடம் இருபது கேள்வி தேவைப்படவில்லை. செருப்பைப் பற்றிய ஒரு கேள்வியில் எல்லாம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து பாதம் பார்க்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். ராத்திரி எட்டரைக்கு, சீரியல் இடைவேளையில், போன் டார்ச்சை அடித்துக்கொண்டு விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்ப்பாள். முதலில் அவர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார். "முப்பது வருஷம் இந்தக் காலுக்கு வெந்நீர் வெச்சிருக்கேன், இப்ப என்ன வெக்கம்" என்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "என்ன தெரியுது?" என்று கேட்பார். "பித்தவெடிப்பு தெரியுது. நாலு நாளா நகம் வெட்டலைன்னு தெரியுது." நகத்தையும் அவளே வெட்டுகிறாள், நேராக, ஓரத்தைக் குடையாமல்.

கண் ஆபரேஷன் ஐந்து மாதம் தள்ளி நல்லபடியாக முடிந்தது. இப்போது தாளில் எழுத்து திருத்தமாக விழுகிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது அந்தக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வ, சு, மா. வ, மா. சு கேள்விக்குறி. ஜனவரியில் ஒரு தாளில் 212 என்று போட்டு, பக்கத்தில் புதிதாக 'பொ' என்று இருந்தது.

"பொ-ன்னா என்னப்பா?"

"பொங்கல். ரெண்டு கரண்டி."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "நாலு."